இலை உதிரட்டும், வேரைப் பாருங்கள்

குளிர் அதிகம் கேட்காத ஆப்பிள் என்று சொல்லி விற்கப்படும் ஒட்டுக்கன்றுகள் இப்போது சமவெளிக்காரர்கள் கைக்கும் வந்துவிட்டன. மல்லிகையும் வாழையும் மஞ்சளும் விளையும் சத்தியமங்கலம் பக்கத்தில், தோட்டத்துச் சாளைக்கு முன்னால் ஓர் ஆப்பிள் மரம் நின்றால் எப்படி இருக்கும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நட்ட சில வாரங்களில் இலையில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன, ஓரம் கருகுகிறது, சில இலைகள் மஞ்சளித்து விழுகின்றன. வாங்கியவர் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரரும் ஏதோ ஒரு பூஞ்சாணக்கொல்லியை எடுத்துக் கொடுக்கிறார். பிழை கடைக்காரரிடம் தொடங்கவில்லை, இலையைக் கிள்ளிய இடத்திலேயே தொடங்கிவிட்டது. புதிதாக வாங்கிய ஆப்பிள் கன்றில் மிகக் குறைவாகச் செய்தி சொல்லும் உறுப்பும், இழந்தால் மிக எளிதில் மீளும் உறுப்பும் இலைதான். கவலைப்பட வேண்டியவை ஒட்டுக்குக் கீழே, வேரிலும் பையில் வந்த மண்ணிலும் இருக்கின்றன.

ஆப்பிள் இலையுதிர் மரம். அதன் சொந்த ஊர் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இலைகளையும் கழற்றிவிட்டுக் குளிர்காலம் முழுக்க உறங்கி, போதுமான குளிரை அனுபவித்த பிறகே அடுத்த மொட்டைத் திறக்கும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் பயிராகும் பழைய ரகங்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே 800 முதல் 1200 மணி நேரம் வரை குளிர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் பவானிக் கரையில் இருக்கும் சத்தியமங்கலத்தில், மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் ஒரு மணி நேரம் கிடைக்காது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் குறைந்த குளிர் ரகங்கள் வந்தன: இஸ்ரேலில் உருவான அன்னா, பகாமாத் தீவுகளிலிருந்து வந்த டார்செட் கோல்டன், இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டம் பன்யாலா கிராமத்து விவசாயி ஹரிமான் சர்மா தேர்ந்தெடுத்த எச்ஆர்எம்என்-99. கடைசியாகச் சொன்னதைத் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை நாட்டின் பல மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. சர்மாவுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த ரகங்கள் குளிரில்லாமல் பூக்கப் பழகியிருக்கலாம். இலையை எப்போது விடுவது என்ற கணக்கு மட்டும் சமவெளியில் குழம்பித்தான் போகிறது. கழற்றச் சொல்லும் குளிர் வராததால் பழைய இலைகள் மாதக்கணக்கில் கிளையிலேயே தங்கி முதுமையடைந்து, புள்ளி விழுந்து, தேய்கின்றன. நோய் என்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு வெறும் மூப்பு.

வெப்ப மண்டலத்தில் ஆப்பிளை வணிகப் பயிராகவே வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மாலாங் நகரையொட்டிய மலைப்பகுதியில், பூமத்திய ரேகைக்கு எட்டு பாகை தெற்கே, ரோம் பியூட்டி முதலிய ரகங்களை வளர்க்கிறார்கள். குளிர்காலம் இல்லாத குறையை அவர்கள் கையால் தீர்க்கிறார்கள். அறுவடை முடிந்து சில வாரங்களில் ஆட்கள் இறங்கி மரத்தின் இலைகளையெல்லாம் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகுமுன் இலை போய்விடுவதால், அது உடனே விழித்துப் பூக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம்கூட எடுக்கிறார்கள். ஒரு தோட்டமே வேண்டுமென்று மொட்டையாக்கப்பட்டு மறுபடி தழைக்கிறது என்றால், நான்கு இலை விழுந்ததற்குக் கன்று செத்துவிடும் என்று பதறுவதில் அர்த்தமில்லை. மரத்தின் சேமிப்பு இலையில் இல்லை. தண்டின் கட்டையிலும் வேரிலும் மாவுச்சத்தாக இருக்கிறது.

அப்படியானால் அந்தப் புள்ளிகள் என்ன? ஆப்பிள் இலைநோய் என்றதும் நூல்கள் முதலில் சொல்வது சொறி நோயை. இந்தியாவில் அதற்குப் பெரிய வரலாறு உண்டு. காஷ்மீரில் 1930-களிலேயே காணப்பட்டு, 1973-இல் கொள்ளைநோயாகப் பரவியது. இமாசலத்தில் 1977-இல் தென்பட்டு 1983 வாக்கில் தோட்டங்களைச் சீரழித்தது. ஆனால் இந்தப் பூஞ்சாணத்தின் வாழ்க்கையைப் பார்த்தால், அது குளிர்நாட்டின் ஆண்டுச் சுழற்சியோடு பின்னிப் பிணைந்திருப்பது தெரியும். நோய்ப்பட்ட இலை இலையுதிர்காலத்தில் கீழே விழ வேண்டும். ஈரமான குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்து மட்க வேண்டும். அப்போதுதான் அதற்குள் பாலினவழி வித்துகள் முதிரும். வசந்த மழையில் அவை மேலே தெறித்துப் புதுத் தளிரைப் பிடிக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ஸ் 1944-இல் வெளியிட்ட அட்டவணையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்: சுமார் 17 முதல் 24 பாகை வெப்பத்தில் இலை ஏறத்தாழ 9 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் தொற்று தொடங்கும், வெப்பம் 26 பாகையைத் தாண்டத் தாண்ட அது தடுமாறும். சித்திரையில் 38 பாகையைத் தொடும் சத்தியமங்கலத்தில், குளிர்காலச் சருகே இல்லாத மண்ணில், சொறி நோய் ஒரு கன்றோடு வந்தாலும் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பது கடினம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆசனூர், தாளவாடி என்று மேலே போனால் நிலைமை கொஞ்சம் மாறும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இன்னும் மாறும். நோயின் பெயரைப் போலவே ஊரின் உயரத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே தங்கக்கூடிய இலைநோய்கள் இல்லாமலில்லை. ஆல்டர்னேரியா இலைப்புள்ளிக்கு 25 முதல் 30 பாகை வெப்பம் மிகப் பிடிக்கும். ஊதா விளிம்பு கட்டிய வட்டமான பழுப்புப் புள்ளி அதன் அடையாளம். மார்சோனினா இலைக்கருகல் இமாசலத் தோட்டங்களில் 1990-களிலிருந்து பெரிய தொல்லையாகி, பழம் முதிருமுன்பே மரத்தை மொட்டையாக்கிவிடுகிறது. அதற்கு வேண்டியது மிதமான வெப்பமும் விடாத மழையும். வடகிழக்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரிலும் அது சில வாரங்கள் தலைகாட்டலாம். ஆனால் கொங்குச் சமவெளியில் புதுக்கன்றின் இலை கெடுவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை நோயே அல்லாதவை. நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் நட்டால் இலையின் ஓரம் காய்ந்த காகிதம்போல் கருகும். புள்ளியாக இல்லாமல் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போவதே அதன் அடையாளம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும் இதே வேலையைச் செய்யும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் உதவாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் தெளித்தால் அடுத்த கொழுந்தில் வேறுபாடு தெரியும். அடியிலைகள் கெடுகின்றனவா, நுனியிலைகளா, ஒரே பக்கத்திலா, எல்லாப் பக்கத்திலுமா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டாலே பாதி விடை வந்துவிடும்.

‘எதுவாக இருந்தால் என்ன, முன்னெச்சரிக்கையாக ஒரு தெளிப்பு தெளித்துவைப்பதில் என்ன நட்டம்?’ என்று கேட்கலாம். நட்டம் உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து மில்லார்தே 1885-இல் உலகுக்குச் சொன்ன மருந்து. நூற்று நாற்பது ஆண்டுகளாகப் பயிர்களைக் காத்துவருகிறது. அதே செம்பு, ஈரம் காயாத நாளில் இளம் ஆப்பிள் இலையில் பட்டால் இலையையே பொசுக்கும். சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகம் 32 பாகைக்கு மேல் அதையே செய்யும். சத்தியமங்கலத்தில் அந்த வெப்பத்துக்கும் கீழே இருக்கும் பகல்கள் ஆண்டில் எத்தனை என்று யோசித்துக்கொள்ளலாம். மருந்து பொசுக்கிய புள்ளியைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று மறுபடி மருந்தடிக்கும் சுழலில் செத்துப்போகும் கன்றுகளுக்கு நோயே வந்திராது.

இலையை நம்பக் கூடாது என்பதற்கு இன்னும் வலுவான காரணம், அது பொய்யும் சொல்லும் என்பது. ஆப்பிள் தேமல் வைரசு ஒட்டுக்குச்சி வழியே கன்றுக்கு வரும். மிதமான வெப்பத்தில் இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். வெப்பம் ஏறினால் புதிதாக வரும் இலைகளில் அறிகுறி மங்கிவிடும்; வைரசோ மரத்துக்குள் அப்படியே இருக்கும். ஆய்வுக்கூடங்கள் வைரசு நீக்கக் கன்றுகளைப் பல வாரம் 37 பாகை வெப்பத்தில் வைப்பதும் இதே இயல்பைப் பயன்படுத்தித்தான். சமவெளியில் பச்சைப் பசேலென்று நிற்கும் கன்று நோயில்லாத கன்றென்று சொல்லிவிட முடியாது; புள்ளி விழுந்த கன்று நோயுள்ளதென்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் ஏமாற்றும் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

வேரின் கதைக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆப்பிளின் மிகக் கொடிய பூச்சிகளில் ஒன்றான கம்பளி அசுவினி இந்தியாவில் முதன்முதலில் 1889-இல் குன்னூரில் பதிவானது. வெள்ளைக்காரர்கள் மலைவாச ஊர்களில் தங்கள் ஊர்ப் பழமரங்களை வைக்கத் துடித்த காலம் அது. வாங்கிவந்த கன்றுகளோடு பூச்சியும் கப்பலேறியது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிம்லா வட்டாரத்திலும் அது தோன்றியது. வெண்பஞ்சு போர்த்திக்கொண்டு தண்டிலும் கிளைக்காயங்களிலும் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். வேரில் உட்கார்ந்து முடிச்சு முடிச்சாக வீங்கவைப்பது மண்ணைத் தோண்டினால்தான் தெரியும். இலையை எத்தனை முறை புரட்டிப் பார்த்திருந்தாலும் குன்னூருக்கு வந்த அந்தக் கன்றுகளைப் பிடித்திருக்க முடியாது. (கரும்புக்காரர்கள் அறிந்த வெள்ளைக் கம்பளி அசுவினி வேறு பூச்சி; அது இலையின் அடியில் வாழ்வது.) உலகம் இதற்குக் கண்ட தீர்வும் வேரிலேயே அமைந்தது. நார்தர்ன் ஸ்பை என்ற பழைய அமெரிக்க ரகத்தை இந்த அசுவினி சீண்டுவதில்லை என்று தெரிந்ததும், இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங், மெர்ட்டன் ஆய்வு நிலையங்கள் அதைப் பெற்றோராக வைத்து எம்எம் வரிசை வேர்ச்செடிகளை உருவாக்கின. எம்எம்-106, எம்எம்-111 என்று இன்று கன்று விற்பவர்கள் சொல்வது அந்த வரிசையைத்தான். மேலே என்ன ரகம் என்று கேட்பவர்கள் கீழே என்ன வேர் என்று கேட்பதில்லை. கேட்டால் பயன் உண்டு: எம்எம்-106 அசுவினியைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தேங்கும் நிலத்தில் கழுத்தழுகலுக்கு எளிதில் இரையாகும், வாய்க்கால் பாசனத்து வயலோரத்தில் அதை நடுவது சரியில்லை.

வெப்பம் சொறி நோயைத் தடுக்கும் என்றால் அசுவினியையும் தடுக்காதா என்று இங்கே ஒருவர் மடக்கலாம். ஓரளவு தடுக்கும், கோடை வெயிலில் கிளைமேல் இருக்கும் அசுவினிக் கூட்டம் மெலிந்துவிடும். ஆனால் கன்றோடு வரும் எல்லாமே குளிர்நாட்டு விருந்தாளிகள் அல்ல. வேரிலும் ஒட்டுப் பகுதியிலும் கழலை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ரோஜா, திராட்சை, ஆப்பிள் என்ற வேறுபாடு பெரிதில்லை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவுக்குச் சூடான மணற்பாங்கு மண் சொர்க்கம். தக்காளி, கத்தரி, வாழை, மஞ்சள் எல்லாம் அதற்கு உணவு. சமவெளி நர்சரியில் எங்கிருந்தோ அள்ளிய மண்ணைப் பையில் நிரப்பி, அதில் சில மாதம் வைத்திருந்து விற்கும் கன்று இவற்றில் எதையும் சுமந்து வரலாம். ஆப்பிள் மரம் பிழைத்தாலும் போனாலும், பக்கத்து மஞ்சள் பாத்திக்கு அந்த மண் கொண்டுவரும் இழப்பு ஆப்பிளின் விலையைவிடப் பல மடங்கு பெரியது. இமாசலத்தில் குளிர்காலத்தில் இலையும் மண்ணும் இல்லாமல் வெறும் வேரோடு பிடுங்கி அனுப்பும் கன்று, பார்க்கக் குச்சிபோல அசிங்கமாக இருந்தாலும், கழுவிய வேரைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதால் எனக்கு அதுவே மேலாகப் படுகிறது. தளதளவென்று இலையோடு பையில் நிற்கும் கன்று அழகைக் காட்டி ஆபத்தை மறைக்கிறது.

கொங்கு விவசாயிக்கு இது புதிய பாடமே அல்ல. வாழைக் கன்று வாங்கப் போகிறவர் இலையின் நிறத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. கிழங்கைச் சீவிப் பார்ப்பார். கூன்வண்டு துளைத்த தடம் இருக்கிறதா, நூற்புழுவால் கருத்த திட்டு இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. விதை மஞ்சளிலும் அப்படியே. கிழங்கின் திண்மையைத்தான் கை தேடும். ஆப்பிள் என்றதும் இந்த அறிவு விடைபெற்று, இலையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். வாழையிலும் விதிவிலக்கு உண்டு: முடிக்கொத்து நோய் வைரசால் வருவது, குருத்திலை குறுகிக் கொத்தாக நிற்பதுதான் அதன் முதல் அடையாளம். பழனி மலைச்சரிவின் விருப்பாட்சி வாழையை அது எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். ஆகவே இலையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையில் தெரிவது இலையோடு முடிந்துவிடும் தொல்லையா, உடல் முழுக்கப் பரவிய ஒன்றின் வெளிப்பாடா என்று பிரித்தறிய வேண்டும். முடிக்கொத்துக்கும் மருந்தடித்துப் பயனில்லை. வாழையை அடியோடு தோண்டி அழிப்பதுதான் வழி.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தோன்றிய துரு நோய் வெறும் இலைநோய்தான். இருபது ஆண்டுக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலையே ஒழித்துத் தேயிலையைக் கொண்டுவந்தது, அங்கே உழைத்த தமிழர்களின் வாழ்க்கையையும் சேர்த்துப் புரட்டிப்போட்டது. இலையை அலட்சியப்படுத்தலாமா? காப்பி என்றும் பசுமையான செடி என்பதையும், மலைமலையாக ஒரே பயிர் தொடர்ச்சியாக நின்றதையும், துருவுக்கு ஏற்ற ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுக்க இருந்ததையும் சேர்த்தே அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். நோய் எழ விருந்தோம்பியான செடி, நோய்க்கிருமி, சூழல் மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். சத்தியமங்கலத்தில் வாசலுக்கொன்றாக நிற்கும் ஆப்பிளுக்கு அடுத்த ஆப்பிள் எங்கோ இருக்கிறது. சூழலும் பாதி நேரம் கிருமிக்குப் பகை. நாளை தாளவாடிப் பக்கம் யாராவது ஏக்கர் கணக்கில் ஆப்பிள் வைத்தால் என் வாதம் அங்கே செல்லாது. அங்கே மார்சோனினாவுக்கு ஆண்டுதோறும் காவல் இருக்க வேண்டிவரும். மழை மிகுந்த ஜாவாவின் ஆப்பிள் தோட்டங்களிலும் இலைப்புள்ளிக்கு மருந்தடிப்பு ஓயாத வேலைதான்.

முதலாண்டுக் கன்றுக்கு ஒவ்வோர் இலையும் சோறு போடுகிறதே என்பதும் சரியான கவலை. ஜாவாவில் உருவுவது வேரூன்றிக் காய்த்த மரங்களை. நேற்று நட்ட கன்றை அப்படி மொட்டையடிக்கச் சொல்வது மடத்தனம். புள்ளி பாதிக்கு மேல் பரவிய இலைகளை மட்டும் கிள்ளி எரித்துவிட்டு மற்றவற்றை விட்டுவைக்கலாம். ஓர் உதிர்வைக் கன்று தாங்கும். ஒரே ஆண்டில் மூன்று நான்கு முறை தழைத்துத் தழைத்து உதிர்ந்தால்தான் வேரின் இருப்பு கரைந்து மரம் நலியும். தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் விடுவது, முதல் கோடையில் பிற்பகல் வெயிலுக்கு ஓலைத்தட்டி மறைப்பது, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது நிற்கும்படி நடுவது, அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாக்கி மழைநீர் விலகச் செய்வது ஆகியவை எந்தப் புட்டி மருந்தையும்விட அதிகம் காக்கும். ஒட்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் மேல்ரகமே வேர்விட்டு, அசுவினியைத் தாங்கும் வேர்ச்செடியின் பயன் போய்விடும்.

பிறகும் கன்று தேறாமல், கொழுந்து குட்டையாகவே நின்று, பகலில் வாடி இரவில் நிமிர்ந்துகொண்டிருந்தால் வேரைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் அது. அடிமரத்துப் பட்டையைச் சுரண்டினால் பச்சையாக இல்லாமல் செம்பழுப்பாக ஊறியிருந்தால் கழுத்தழுகல். வேரில் கடினமான உருண்டைக் கழலை இருந்தால் பாக்டீரியா. பாசிமணி கோத்ததுபோல் சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. ஐயம் இருந்தால் வேரையும் கைப்பிடி மண்ணையும் சேர்த்துக் கோபி பக்கத்து மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ காட்டலாம். இலையை மட்டும் கொண்டுபோனால் அவர்களாலும் அனுமானம்தான் சொல்ல முடியும். கழலை உறுதியானால் கன்றைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அந்தக் குழியில் ரோஜாவோ திராட்சையோ வைக்காமல் சில ஆண்டுகளுக்குச் சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களை விதைத்துக்கொள்ளலாம். அந்தப் பாக்டீரியா அவற்றைத் தொடாது.